ஆகன் நகர ஆடிகளும் ஆன்ம வேட்கையும்

1. முன்னுரை

பொறிகள் பெருகப் பெருகச் சமய உணர்வு தேயும் என்பது இக்காலத்தார் பலர் உடன்பட்டுக் கூறும் கருத்தாகும். சமயத்தைப் போற்றுவோர் இதனை வருத்தத்தோடு கூறுவர். போற்றாதார் மகிழ்ச்சியோடு கூறுவர். எனினும் இருதிறத்தாரும் ஒன்றில் ஒத்து நிற்கின்றனர். விலைக்கு வாங்கும் நுட்பக் கருவியையும் கடவுளை நாடும் உள்ளத்து வேட்கையையும் ஒன்றற்கொன்று தொடர்பின்றித் தோன்றிப் பின்னர்ப் போரிட்ட இரு பொருள்களாகக் கொள்வதே அவ்வொற்றுமை. இக்கொள்கை வரலாற்றுச் சான்றோடு பொருந்துமா என ஆராய்வதும், கிறித்தவ மரபு இக்கருவிகளை எந்த அளவுகோலால் அளந்தது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

இதற்குப் பதினைந்தாம் நூற்றாண்டுச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அசையும் உலோக எழுத்துகளைக் கொண்டு விவிலியத்தை அச்சிட்டவர் எனப் போற்றப்படும் யோகான் குட்டன்பர்க், அப்பணி நிறைவேறுவதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், திருப்பயணிகளுக்கு விற்பதற்காகச் சிறு ஆடிகளை, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடிகளை, ஆயிரக்கணக்கில் செய்ய முனைந்த ஒரு கூட்டு வாணிகத்தின் தலைவராக இருந்தார். அச்சு நூல்களை நாள்தோறும் கையாளும் நமக்கும் இச்செய்தி முற்றிலும் அயலானதன்று. அவர் தொடங்கிய கலை 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ வழியாகத் தமிழ் எழுத்துக்கு வந்தது. 1713க்குப் பின்னர்த் தரங்கம்பாடியில் வேரூன்றியது. இரண்டிடத்தும் அதனைக் கொணர்ந்தது கிறித்தவ சமய வேட்கையே. ஆதலின் அக்கலையின் முற்பிறப்பை அறிவது நமக்கும் உரிய ஆராய்ச்சியே ஆகும்.

2. ஆகன் திருப்பயணம்

செருமனியின் மேற்கெல்லையில் அமைந்த ஆகன், பேரரசர் சார்லமேன் அரண்மனையும் திருக்கோயிலும் அமைத்த நகரமாகும். அக்கோயிலில் நான்கு துணிகள் திருப்பண்டங்களாகப் போற்றப்பட்டு வருகின்றன. அன்னை மரியாளின் ஆடை, குழந்தை இயேசுவைப் பொதிந்த துணி, சிலுவையில் இயேசு அணிந்திருந்த இடைத்துணி, திருமுழுக்கு யோவானின் தலையைச் சுற்றிய துணி என்பன அவை. இத்தகைய பொருள்களைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘அருளிக்கம்’ எனவும் வழங்குவர். 1239இல் முடிவுற்ற பொற்பேழை ஒன்றில் இவை காக்கப்படுகின்றன. 1349 முதல் ஏழாண்டுகளுக்கு ஒரு முறை பேழையினின்று எடுத்துக் கோயிற் கோபுரத்தின் உயரத்திலிருந்து மக்களுக்குக் காட்டுவது வழக்கமாயிற்று.

கோபுரத்தின்கீழ்ப் பெருந்திரளாகக் கூடிய மக்கள் களிமண்ணாற் செய்த ஊதுகொம்புகளை ஊதி ஆரவாரித்தனர். ஏழாண்டுக்கு ஒரு முறை வரும் சில நாள்கள், அந்நாள்களிலும் சிறிது பொழுதே நிகழும் காட்சி, எட்டாத உயரம். இவ்வருமையே ஆடிக்கு வழி வகுத்தது.

3. தொடுதலிலிருந்து காணுதலுக்கு

தொடக்க நூற்றாண்டுகளில் திருப்பண்டத்தின் அருளைப் பெறும் வழி தொடுதலாக இருந்தது. உரோமையில் தூய பேதுருவின் கல்லறைமீது ஒரு துணியை இறக்கி, நோன்பிருந்து வேண்டிப் பின்னர் எடுத்து நிறுத்தால், அஃது அருளால் நனைந்து முன்னையினும் எடை மிகுந்திருக்கும் என்று ஆறாம் நூற்றாண்டினரான தூர் நகரத்துக் கிரகோரியார் எழுதினார். அத்துணி வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்க ஓர் அருட்பொருள் ஆயிற்று. கல்லறைக்கு வருவார் சிலராக இருந்த காலத்துக்கு அம்முறை ஏற்றதே. திரள் பெருகியபொழுது தொடுதல் இயலாதாயிற்று. எனவே தொடுதலின் இடத்தைக் காணுதல் பெற்றது.

காணுதலைப் பற்றிய அக்கால அறிவியலும் இதற்குத் துணை நின்றது. ஒவ்வொரு பொருளும் தன் சாயலை எல்லாத் திசையிலும் இடைவிடாது பரப்புகின்றது என்றும், அச்சாயல் கண்ணில் வந்து சேர்வதே காட்சி என்றும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ரோசர் பேக்கன் போன்றோர் ஒளியியல் நூல்களில் விளக்கினர். பொருளின் சாயல் கண்ணை எட்டுமெனில் ஆடியையும் எட்டும் அன்றோ? ஆகவே பயணிகள் ஆடியை உயர்த்திப் பிடித்துத் திருப்பண்டத்தின் ஒளிக்கதிரை அதில் ஏற்று, அவ்வருளோடு ஊர் திரும்பலாம் எனக் கருதினர். ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த சிறு அடையாளச் சின்னத்தில் ஆடியைப் பதித்து விற்றனர். வாங்கியோர் அதனை அணிந்துகொண்டனர்.

இவ்வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்குதல் எளிது. ஆனால் அது தன் காலத்து அறிவியலுக்கு முரணானதன்று. அவ்வறிவியலின் நுகர்பொருட் பயனே ஆகும். திரளின் பெருக்கம், காட்சியின் அருமை, ஒளியியற் கொள்கை, மலிவான உலோகம் என்னும் நான்கும் கூடிய இடத்தில் ஆடி பிறந்தது. இந்நான்கையும் இயக்கிய ஐந்தாவது பொருள் வேட்கை.

4. ஸ்ட்ராஸ்பர்க் வழக்கு

ஆகன் நகரத் தொழிலாளரால் மட்டும் தேவையை நிறைவு செய்ய இயலாமையின், திருப்பயணக் காலத்தில் வெளியூராரும் சின்னங்களை விற்க இடம் இருந்தது. அவ்வாய்ப்பை நோக்கி ஸ்ட்ராஸ்பர்க் நகரில் குட்டன்பர்க் ஒரு கூட்டு அமைத்தார். அன்ஸ் ரிஃபே, அன்றேயாஸ் திரிட்சேன், அன்றேயாஸ் ஐல்மன் என்னும் மூவர் உடன் சேர்ந்தனர். ஊதியத்தில் பாதி குட்டன்பர்க்குக்கும், காற்பங்கு ரிஃபேக்கும், அரைக்காற்பங்கு மற்றை இருவர் ஒவ்வொருவர்க்கும் உரியதென வகுத்துக்கொண்டனர்.

திருப்பயணம் 1439இல் வரும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அது வந்தது 1440இல். கொள்ளைநோயால் ஓராண்டு தள்ளி வைக்கப்பட்டது என்பார் பலர். 1349 தொடங்கி ஏழேழாக எண்ணிச் செல்வோமாயின் பதின்மூன்றாம் சுற்று 1440இல் இயல்பாகவே முடிகின்றது. ஆதலின் கூட்டாளிகளின் கணக்குப் பிழையே காரணம் என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகின்றது. எவ்வாறாயினும் முதல் முடங்கியது. 1438ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு விழாவை ஒட்டித் திரிட்சேன் இறந்தார். அவர்தம் உடன்பிறந்தார் கூட்டில் இடம் கேட்டு வழக்குத் தொடுத்தனர். 1439 டிசம்பர் 12ஆம் நாள் நகர மன்றம் குட்டன்பர்க்கின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தப்படி இறந்தவர் குடும்பத்துக்கு அவர் 15 கில்டர் பொற்காசு மட்டும் தர வேண்டியதாயிற்று. இவ்வழக்கின் மூல ஏடுகள் 1870ஆம் ஆண்டுப் போரில் ஸ்ட்ராஸ்பர்க் நூலகத்தோடு எரிந்தன. 1760இல் ஷோஃப்லின் என்னும் அறிஞர் அவற்றைப் பதிப்பித்திருந்தமையால் செய்தி அழியாது நமக்குக் கிடைத்தது.

சாட்சியங்களுள் ஒன்று நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவதாகும். சில்லறைப் பொருள் விற்கும் பார்பெல் என்னும் பெண்மணி ஓர் இரவு திரிட்சேனோடு நிகழ்ந்த உரையாடலைக் கூறுகின்றார். இன்னும் உறங்கவில்லையா என அவர் வினவ, வேலையை முடித்தாக வேண்டும் என்கிறார் திரிட்சேன். இதற்கு எவ்வளவு பணம் செலவாகிறது என அவ்வம்மையார் வியக்க, 500 கில்டருக்குக் குறையாது என்றும், தம் பரம்பரைச் சொத்தையே அடகு வைத்ததாகவும் அவர் கூறுகின்றார். தோற்றுப் போனால் என்ன செய்வீர் என்ற வினாவுக்கு, தோல்வி வராது, ஓராண்டுக்குள் முதல் திரும்பிவிடும், அப்பொழுது நாம் அனைவரும் ‘செலிக்’ ஆவோம், கடவுள் நம்மைத் துன்புறுத்த எண்ணினாலன்றி என்று விடை தருகின்றார். ஆண்டு முடியுமுன் அவர் இறந்தார்.

‘செலிக்’ என்னும் செருமானியச் சொல் ஈண்டு நோக்கற்பாலது. அது செல்வ மகிழ்ச்சியையும் குறிக்கும், வீட்டுப்பேற்றையும் குறிக்கும். மலைப்பொழிவில் இயேசு யாரைப் பேறுபெற்றோர் என்றாரோ அவரையும் செருமானிய விவிலியம் அச்சொல்லாலேயே சுட்டும். தமிழிலும் இதனை ஒத்த நிலை உண்டு. ‘பெறு’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘பேறு’ பொருளைப் பெறுதலையும் அருளைப் பெறுதலையும் ஒருங்கே தழுவும். ‘பாக்கியம்’ என்பதும் அத்தகையதே. தமிழ் விவிலியப் பதிப்புகள் ‘பேறுபெற்றோர்’ எனவும் ‘பாக்கியவான்கள்’ எனவும் இவ்விரு சொற்களையே ஆள்கின்றன. விற்போன் நாடியதும் வாங்குவோன் நாடியதும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடந்தன. இரண்டையும் பிரித்துக் காண்பதில்தான் கிறித்தவத் திறனாய்வு தொடங்குகின்றது.

5. ஆடியிலிருந்து அச்சுக்கு

ஆடித்தொழில் அச்சுத்தொழிலாக எவ்வாறு வளர்ந்தது என்பதில் அறிஞரிடை வேறுபாடு உண்டு. வழக்கு ஏட்டில் ஓர் அழுத்துபொறி பேசப்படுகின்றது. பிறர் கண்ணிற் படாதவாறு பிரித்து வைக்குமாறு குட்டன்பர்க் சொல்லியனுப்பிய நான்கு உறுப்புகள் பேசப்படுகின்றன. அச்சழுத்தும் பணிக்காக 100 கில்டர் ஈட்டியதாக ஒரு பொற்கொல்லர் சான்று கூறுகின்றார். உலோகத்தை வார்த்து ஒரே உருவைப் பல்லாயிரமாகப் பெருக்கும் திறமை இரு தொழிலுக்கும் பொது என்பது தெளிவு.

1454இல் சைப்பிரசுத் தீவின் பாதுகாப்புக்காக நிதி திரட்ட வழங்கிய பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் மைன்ஸ் நகரில் அச்சாயின. வாங்குவோர் பெயரும் நாளும் எழுதுதற்கு அவற்றில் வெற்றிடம் விட்டிருந்தனர். ஒரே அச்சிற் பல்லாயிரம் படிகள். ஒவ்வொன்றும் வாங்கியவர் பெயர் தாங்கியது. பொதுவாகச் செய்து தனியொருவர்க்கென்று விற்கும் நுகர்பொருள் முறை இங்கே நிறைவெய்தியதைக் காணலாம். 1455ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 180 விவிலியப் படிகள் முற்றுப்பெற்றன. ஆடி, சீட்டு, விவிலியம் ஆகிய மூன்றும் ஒருவர் வாழ்நாளில் நிகழ்ந்தவை. மூன்றுக்கும் சந்தை ஒன்றே. ஆதலின் வேட்கையின் இடத்தைப் பின்னர் வந்த கருவி பறித்துக்கொண்டது என்னும் கொள்கை இங்குப் பொருந்தவில்லை. வேட்கையே கருவியை ஈன்றது எனல் பொருந்தும்.

6. அகுஸ்தீனார் தந்த அளவுகோல்

கருவியை ஈன்ற வேட்கை கருவியிலேயே தங்கிவிடின் யாது நேரும்? இவ்வினாவைக் கிறித்தவ உலகம் அகுஸ்தீனார் (354–430) காலத்திலேயே எழுப்பியிருந்தது. கடவுளிடத்து அமைதி காணுமளவும் மனித உள்ளம் அமைதியுறாது என்பது அவருடைய ‘அறிக்கைகள்’ நூலின் தோற்றுவாய்க் கருத்தாகும். ‘கிறித்தவக் கோட்பாடு பற்றி’ என்னும் நூலின் முதற்பகுதியில், பயன்கொள்ளத்தக்கவை, துய்க்கத்தக்கவை எனப் பொருள்களை அவர் இருவகைப்படுத்தினார். அவற்றை விளக்க அவர் காட்டும் உவமை திருப்பயணத்தையே நினைவூட்டுவது. தாயகம் திரும்பும் பயணிக்கு ஊர்தி வேண்டும். ஊர்தியின் இனிமையிலும் வழியின் அழகிலும் உள்ளம் மயங்கிவிடின், பயணி தாயகத்தை மறந்து வழியிலேயே தங்கிவிடுவான்.

ஊர்தியை எரித்துவிடுமாறு அகுஸ்தீனார் கூறவில்லை. ஊர்தியின்றி ஊர் சேர்வாரும் இல்லை. ஊர்தி தீது என்பது அவர் கருத்தன்று. அதன்மீது வைக்கும் அன்பின் நிலை தவறக்கூடும் என்பதே கருத்து. தூய பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரத்தில் இப்பிறவிக் காட்சியை ஆடிக் காட்சிக்கு ஒப்பிட்டதும், நேர்முகக் காட்சியை அதற்கு மேலாக வைத்ததும் இதனோடு ஒத்துணரத்தக்கவை.

7. கெம்பிசின் மறுப்பு

ஆகன் பயணிகள் ஆடி உயர்த்திய அதே காலத்தில், நெதர்லாந்தின் சுவோலே நகருக்கு அருகிலுள்ள துறவு மடத்தில் தாமஸ் கெம்பிஸ் வாழ்ந்தார். ‘கிறித்துவைப் பின்பற்றல்’ என்னும் பொருள்பட வழங்குவதும் தமிழிற் பெயர்க்கப்பெற்றதுமான அவர் நூலின் கைப்படி ஒன்று 1441ஆம் ஆண்டினது. மிகுதியாகத் திருப்பயணம் செய்வோர் தூயராதல் அரிது என்பது அவர் கருத்து. மக்கள் பட்டிலும் பொன்னிலும் பொதிந்த எலும்புகளைக் காணப் பல ஊர்களுக்கு ஓடுகின்றனர். ஆனால் தம் ஊர்ப் பீடத்தின்மேல் எழுந்தருளும் இறைவனை நோக்குவதில்லை என்று அந்நூலின் இறுதிப் பகுதியில் அவர் இரங்குகின்றார்.

இம்மறுப்பு கூரியது, எனினும் முழுமையுற்றது எனல் இயலாது. கெம்பிஸ் எழுத்துப்பணியையே நோன்பாகக் கொண்டவர். 1427க்கும் 1439க்கும் இடையே அவர் கைப்பட எழுதி முடித்த விவிலியப் படி இன்றும் உள்ளது. அவர் கல்வி பெற்ற ‘பொதுவாழ்வுச் சகோதரர்’ மரபினர் படியெடுத்துப் பொருள் ஈட்டினர். அவருள் ரோஸ்டாக் நகரத்தார் 1476 முதல் அச்சுப்பொறியே அமைத்து நூல்களை வெளியிட்டனர். அவருடைய நூலும் 1470களின் தொடக்கத்தில் ஆக்ஸ்பர்க்கில் அச்சேறி, உலகில் மிகப் பலமுறை அச்சான நூல்களுள் ஒன்றாயிற்று. ஓடாதே, உள்ளே நோக்கு என்ற அறிவுரையும் கருவியின் முதுகில் ஏறியே ஊர் ஊராக ஓடியது. கருவியை அறவே விலக்குதல் விலக்கச் சொன்னவர்க்கும் கைகூடவில்லை.

8. கூசா நிக்கோலாஸ் காட்டிய வழி

மூன்றாம் வழியைக் கர்தினால் கூசா நிக்கோலாஸ் வரலாற்றிற் காண்கிறோம். திருப்பண்டப் பற்று எல்லை மீறுவதை அவரும் அறிந்திருந்தார். 1451இல் திருத்தந்தையின் தூதராகச் செருமனியிற் சுற்றி வந்தபொழுது, குருதி கசிந்ததாகச் சொல்லப்பட்ட அப்பங்களை மக்களுக்குக் காட்டுவதை அவர் தடை செய்தார். ஆனால் இரண்டாண்டு கழித்து, 1453இல், பவேரியாவின் தேகர்ன்சே மடத்துத் துறவியர்க்குக் ‘கடவுட் காட்சி’ பற்றிய நூலை எழுதியபொழுது அதனோடு ஓர் ஓவியத்தையும் அனுப்பினார். எங்கிருந்து நோக்கினும் நோக்குவோனையே நோக்குமாறு தீட்டிய திருமுகம் அது.

அதனைக் கொண்டு அவர் வகுத்த பயிற்சி வருமாறு: ஓவியத்தை வடசுவரில் மாட்டித் துறவியர் சூழ்ந்து நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் அம்முகம் தம்மையே நோக்குவதாக உணர்வர். பின்னர் ஒருவர் கிழக்கிலிருந்து மேற்கே நடத்தல் வேண்டும். அவர்க்கு எதிராக மற்றொருவர் நடத்தல் வேண்டும். முகம் தம்மைத் தொடர்கின்றது என்று இருவரும் காண்பர். தம்மைத் தொடரும் அதே நோக்கு எதிர்த்திசையிற் செல்வாரையும் தொடர்கின்றது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? தாமே காண இயலாது. உடன்நடந்த சகோதரர் சொல்லக் கேட்டே அறிதல் வேண்டும்.

ஆடியும் ஓவியமும் மனிதர் செய்த பொருள்களே. ஆடியை உயர்த்தியவன் திருப்பொருளின் ஒளியைத் தன்பாற் சேர்த்துக்கொள்ள விழைகின்றான். ஓவியத்தின் முன் நின்றவன் தான் நோக்கப்படுவதை உணர்கின்றான். அவ்வுணர்வு நிறைவடைய அயலானின் சொல் தேவைப்படுகின்றது. அகுஸ்தீனாரின் அளவுகோலை நிக்கோலாஸ் இவ்வாறு செயற்படுத்தினார் எனலாம். கருவி மனிதனைத் தன்னுள் அடைக்கின்றதா, கடவுளிடத்தும் அயலாரிடத்தும் திறக்கின்றதா என்பதே அவர் வழியில் எழும் கேள்வி.

9. மணியிற் பதிந்த சின்னங்கள்

இதுகாறும் கண்டவை வணிகரும் கற்றோரும் விட்டுச் சென்ற சான்றுகள். ஆடி வாங்கிய எளிய மக்கள் எழுதி வைக்கவில்லை. எனினும் அவர்தம் உள்ளத்தை உய்த்துணர ஒரு சான்று உண்டு. மெல்லிய ஈயச் சின்னங்களிற் பெரும்பாலானவை அழிந்தன. ஆனால் செருமனி, நெதர்லாந்து, ஸ்காண்டினேவியா முதலிய நாடுகளின் பழைய கோயில் மணிகள் சிலவற்றில் அச்சின்னங்களின் உருவம் புடைப்பாகக் காணப்படுகின்றது. மணி வார்க்கும்பொழுது திருப்பயணச் சின்னத்தின் உருவை வார்ப்பில் இடம்பெறச் செய்து மணியோடு மணியாக வார்த்தனர். ஆகன் நகரச் சின்னங்களும் அவற்றுள் உண்டு. குட்டன்பர்க் கால ஆடிச் சின்னங்களின் அமைப்பை அறிய முயன்ற அறிஞர்க்கு இம்மணிப் பதிவுகளே பெருந்துணையாயின.

இச்செயலின் பொருள் யாது? திருப்பயணம் சென்று மீண்டவர், தாம் பெற்ற அருட்சின்னத்தை ஊர் மணிக்கு அளித்தார் என ஊகித்தல் தகும். மணியின் ஓசை செல்வர்க்கும் வறியர்க்கும், பயணம் சென்றார்க்கும் செல்ல இயலாது படுக்கையிற் கிடந்தார்க்கும் ஒருங்கே சென்று சேரும். ஒருவர் கைக்கென்று விற்ற பொருள் ஊர்க்கெல்லாம் உரிய ஒலியாயிற்று. நுகர்பொருள் பொதுப்பொருளான இம்மாற்றத்தைச் செய்தவர் கற்றோர் அல்லர். நிக்கோலாஸ் நூல்வழிக் கற்பித்ததை எளிய மக்கள் மணிவழிச் செய்து வைத்தனர்.

10. முடிவுரை

இருபதாம் நூற்றாண்டுக் கிறித்தவச் சிந்தனையாளரும் இவ்வழியையே மீண்டும் தேடினர். உரோமானோ குவார்தினி 1923க்கும் 1925க்கும் இடையே எழுதிய கோமோ ஏரிக் கடிதங்களில், இயந்திரம் பழைய வாழ்வின் இசைவைக் குலைப்பதைக் கண்டு வருந்தினார். ஆயினும் இறுதிக் கடிதத்தில், தம் காலத்தை ஏற்று அதனுள் நின்றே அதனை மாந்தத்தன்மை உடையதாக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல் குவார்தினியின் கருத்துகளை எடுத்தாண்டு, தொழில்நுட்ப ஆட்சி மனத்தைக் கண்டித்தது.

ஆகன் திருப்பயணம் இன்றும் நிகழ்கின்றது. 2021இல் நிகழ வேண்டியது கொரோனா நோய்ப் பரவலால் 2023 சூனுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. இன்று எந்நாட்டுத் திருவிழாவிலும் திருவுருவம் தோன்றும் கணத்தில் ஆயிரம் கைப்பேசிகள் உயர்கின்றன. அக்கைகளைக் கண்டு பக்தி மாய்ந்தது என இரங்குவோர் 1440ஆம் ஆண்டின் கைகளை நினைத்தல் நலம். அரியதைக் கண்டோம், அஃது அகலுமுன் சிறிதேனும் பற்றிச் செல்வோம் என்னும் ஏக்கம் அன்றும் இன்றும் ஒன்றே. அவ்வேக்கம் எள்ளத்தக்கதன்று.

எள்ளலின்றியே வினவத்தக்க வினா ஒன்றுண்டு. பற்றிச் சென்றதை என் செய்தோம் என்பதே அது. விற்போர் தரும் பேறு வாங்கியவுடன் முடிந்து, அடுத்த பொருளுக்கு அவாவைத் தூண்டும். உள்ளம் நாடும் பேறு அவ்வாறு முடிவதன்று. அதனைப் பகிர்ந்தாலன்றிப் பெற்றதாகவும் ஆகாது. திரிட்சேன் தம் சொத்தை அடகு வைத்து நாடிய பேறு அவர்க்குக் கிட்டவில்லை. பெயர் அறியப்படாத பயணி ஒருவர் மணிக்கு ஈந்த ஈயத்துண்டின் உரு, மணி ஒலிக்கும்தோறும் ஊராரை அழைத்துக்கொண்டிருந்தது. கருவியைப் பற்றிய கிறித்தவ நோக்கு இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்வதில் அடங்கியுள்ளது.